வார்டில் உட்கார்ந்து கேட்ட மருத்துவர்

மனக்கவலை உடலை நோயாக்கும் என்ற பேச்சை அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கெல் முதலில் நம்பவில்லை. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. மனத்தையும் உடலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்பவர்கள் ஆய்வுக்கூடத்தின் பக்கம் போகாதவர்கள், இதமாகப் பேசத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான் என்றொரு எண்ணம் மருத்துவர்களிடையே பலகாலமாக உண்டு. எங்கெல் சோதனைக்குழாய்களின் நடுவிலிருந்து வந்தவர். அவருக்கு வேண்டியிருந்தது சான்று. அந்தச் சான்றைத் தேடிப் போனதால்தான் அவர் வேறு மனிதரானார்.

1913 டிசம்பர் 10 அன்று நியூயார்க்கில் பிறந்தார். கூடவே பிறந்தவர் இரட்டைச் சகோதரர் ஃபிராங்க். இருவரும் வளர்ந்தது உறவினரான இமானுவேல் லிப்மன் வீட்டில். இதய வால்வுகளைத் தாக்கும் ஒருவகை நோய்க்கு இன்றும் லிப்மன் பெயர்தான் வழங்குகிறது. ஐன்ஸ்டைன் போன்றவர்கள் தேடிவந்த மருத்துவர் அவர். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் மருத்துவம் படித்ததில் வியப்பில்லை. இருவரும் சேர்ந்தே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்து 1938-இல் பட்டம் பெற்றார்கள். ஃபிராங்க் பின்னாளில் டியூக் பல்கலைக்கழகத்தில் நாளமில்லாச் சுரப்பிகளை ஆராய்ந்தார். ஜார்ஜ் பொது மருத்துவத்துக்குப் போனார்.

1941-இல் அவர் பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனைக்கு வந்தபோது அங்கே பொது மருத்துவத்தின் தலைவர் சோமா வைஸ். ஹங்கேரியில் பிறந்தவர், பேரும் புகழும் உள்ளவர். அந்த வைஸ் வார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது ஜான் ரொமானோ என்ற இளம் மனநல மருத்துவரையும் உடன் அழைத்துப் போனார், அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார். எங்கெலுக்கு இது விளங்கவில்லை. இவ்வளவு பெரிய மருத்துவர் மனநல மருத்துவரிடம் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறார்?

பதில் ஜன்னியில் கிடைத்தது. கடும் காய்ச்சல், இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, மது என எதனாலும் நோயாளிக்கு நினைவு தடுமாறலாம், உளறலாம். ரொமானோவும் எங்கெலும் அத்தகைய நோயாளிகளுக்கு மூளை அலைப் பதிவு எடுத்தார்கள். அதே வேளையில் கட்டிலருகே உட்கார்ந்து, கவனத்தையும் நினைவையும் சோதிக்கும் எளிய கேள்விகளைக் கேட்டார்கள். நினைவு எந்த அளவுக்குக் குழம்பியதோ அந்த அளவுக்கு அலைகளின் வேகம் குறைந்திருந்தது. நோயாளி தெளிந்தால் வேகமும் மீண்டது. நோய் எதுவாக இருந்தாலும் இந்த உறவு மாறவில்லை. ஜன்னியைப் பற்றிய இன்றைய புரிதலுக்கு இது அடிப்படைகளில் ஒன்று. எங்கெல் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இன்னொன்று: கருவி காட்டிய கோட்டுக்குப் பொருள் கிடைத்தது, அதே நேரத்தில் ஒருவர் நோயாளியோடு பேசிக்கொண்டிருந்ததால்தான். நோயாளியின் பேச்சும் ஓர் அளவீடு என்று அவருக்குப் பட்டது. வாழ்நாள் முழுவதும் அவர் விடாமல் பிடித்துக்கொண்ட கருத்து இதுதான்.

வைஸ் 1942 ஜனவரியில் மூளை ரத்தக்கசிவால் திடீரென இறந்தார், வயது 43. ரொமானோ சின்சினாட்டிக்குப் போனார், எங்கெலும் உடன் போனார். 1946-இல் இருவரும் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கெல் எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழித்தார். பொது மருத்துவத்துறை, மனநலத்துறை இரண்டிலும் அவருக்கு இடம் இருந்தது. உளப்பகுப்பாய்வுப் பயிற்சியும் பெற்றுக்கொண்டார். ஆனாலும் தம்மைக் கடைசிவரை பொது மருத்துவராகவே கருதினார். அவர் அமைத்த குழுவில் பயிற்சிக்கு வந்தவர்களிலும் பெரும்பாலோர் பொது மருத்துவர்கள்தாம். மனநல மருத்துவரை வார்டுக்கு வரவழைப்பதைவிட, வார்டில் இருக்கும் மருத்துவருக்கே கேட்கக் கற்றுக்கொடுப்பது மேல் என்பது அவர் கணக்கு.

ராச்செஸ்டரின் ஸ்ட்ராங் நினைவு மருத்துவமனைக்கு 1953-இல் ஒரு பெண் குழந்தை கொண்டுவரப்பட்டது. வயது 15 மாதம். மருத்துவ இலக்கியம் அவளை மோனிகா என்ற புனைபெயரால் அறியும். பிறக்கும்போதே உணவுக்குழாய் அடைபட்டிருந்தது. கழுத்தில் ஒரு துளை, விழுங்குவது அதன் வழியே வெளியே வந்துவிடும். வயிற்றில் இன்னொரு துளை, அதில் குழாய் வைத்து நேராக இரைப்பைக்குள் பால் ஊற்ற வேண்டும். பசித்து அழுத குழந்தையை மடியில் அணைத்துப் பாலூட்ட வழியே இல்லை; படுக்கவைத்துக் குழாயில் ஊற்றத்தான் முடிந்தது. வந்து சேர்ந்தபோது அவள் எலும்பும் தோலுமாக இருந்தாள். எதிலும் நாட்டமில்லை.

செவிலியரும் மருத்துவர்களும் தூக்கிக் கொஞ்சி விளையாடத் தொடங்கிய பிறகு அவள் தேறினாள். குறிப்பாக ஃபிரான்ஸ் ரைக்ஸ்மன் என்ற மருத்துவரிடம் ஒட்டிக்கொண்டாள். எங்கெலும் ரைக்ஸ்மனும் அவள் இரைப்பையில் சுரக்கும் அமிலத்தை அந்தத் துளை வழியே எடுத்து நாள்தோறும் அளந்தார்கள். அளக்கும் நேரமெல்லாம் குழந்தையின் முகத்தையும் அசைவையும் குறித்துக்கொண்டே வந்தார்கள்.

ரைக்ஸ்மன் அருகில் இருந்தால் குழந்தை கையை நீட்டுவாள், சிரிப்பாள், அமிலம் தாராளமாகச் சுரக்கும். கோபப்பட்டாலும் சுரக்கும். முன்பின் தெரியாத ஒருவர் அறைக்குள் தனியே வந்து நின்றால் எல்லாம் மாறிவிடும். அவள் அழுவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வாள், கைகால்கள் துவண்டுவிடும், கண்ணை மூடிக்கொள்வாள், சில வேளை தூங்கியே விடுவாள். அப்போது அமிலச் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகும். ஹிஸ்டமின் ஊசி போட்டால் எவருடைய இரைப்பையும் அமிலத்தைக் கொட்ட வேண்டும். அந்தத் துவண்ட நிலையில் ஹிஸ்டமினுக்கும் அவள் இரைப்பை சரியாகப் பணியவில்லை. ரைக்ஸ்மன் திரும்பி வந்ததும் குழந்தை மலர்வாள், சுரப்பும் மீளும். உணவு இல்லை, மருந்து மாறவில்லை. அறைக்குள் யார் இருக்கிறார் என்பது மட்டுமே மாறியது.

இரைப்பைத் துளை வழியே மனத்தைப் பார்த்தவர்கள் இதற்கு முன்பும் உண்டு. 1822-இல் துப்பாக்கிச் சூட்டில் வயிறு கிழிந்து, துளை மூடாமலே பிழைத்த அலெக்சிஸ் சென் மார்ட்டினை ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். நியூயார்க்கில் ஸ்டூவர்ட் உல்ஃபும் ஹெரால்டு உல்ஃபும் டாம் என்ற மனிதரின் இரைப்பைச் சுவர் கோபத்தில் சிவப்பதையும் அச்சத்தில் வெளிறுவதையும் 1943-இல் நூலாக வெளியிட்டார்கள். அவர்களெல்லாம் பெரியவர்கள், கோபத்தையும் பயத்தையும் சொல்லத் தெரிந்தவர்கள். மோனிகாவுக்குப் பேச்சே வரவில்லை. பேச்சு வருமுன்பே, உறவு வயிற்றின் வேதியியலுக்குள் புகுந்து வேலை செய்கிறது என்று அந்தக் குழந்தை காட்டினாள். 1956-இல் வெளிவந்த அந்த ஆய்விலிருந்து எங்கெல் ஒரு கருதுகோளை எடுத்தார். துன்பம் வந்தால் உயிர் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஒன்று போராடுவது அல்லது ஓடுவது, இது எல்லோரும் அறிந்தது. மற்றொன்று, எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டு ஒடுங்கி, இருப்பதைச் சேமித்துக்கொள்வது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு மோனிகா வாயால் சாப்பிட்டாள், வளர்ந்தாள், மணந்துகொண்டாள், தாயானாள். குழு முப்பது ஆண்டுகள் அவளைத் தொடர்ந்து கவனித்தது. தன் குழந்தைகளுக்குப் பாட்டிலில் பால் கொடுத்தபோது அவள் அவர்களை மார்போடு அணைக்கவில்லை. தொடைமேல் மல்லாத்திப் படுக்கவைத்துக் கொடுத்தாள். தான் ஊட்டப்பட்ட விதமாகவே. ஒரே ஒருத்தியின் கதை இது, அதை வைத்து எல்லாத் தாய்மாருக்கும் விதி எழுதமுடியாது. ஆனால் முப்பது ஆண்டுகள் ஒரு நோயாளியை விட்டுவிடாமல் பார்த்த பொறுமையை மருத்துவ ஆய்வில் எத்தனை இடத்தில் காண்கிறோம்?

எங்கெலின் எல்லாக் கணிப்பும் நிலைக்கவில்லை. 1950-களில் அவர் பெருங்குடல் அழற்சிப் புண் நோயாளிகளைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். தாயுடன் பிணைந்து கிடக்கும் உறவு, அதில் வரும் இழப்பு, அதன்பின் நோயின் தாக்குதல் என்ற வரிசையை அவர் பலரிடம் கண்டார். அந்தக் கட்டுரைகள் வந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1955-இல், ஆக்ஸ்ஃபோர்டின் டுரூலவ்வும் விட்ஸும் கார்ட்டிசோன் அந்நோயை அடக்குகிறது என்று முறையான சோதனையால் காட்டினார்கள். இன்று அது மரபணு, நோயெதிர்ப்பு, குடல் நுண்ணுயிர் ஆகியவை சேர்ந்த நோய் என்று அறிவோம். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் என்பவரின் பட்டியல் செல்வாக்கோடு இருந்தது. இரைப்பைப் புண், ஆஸ்துமா, முடக்குவாதம், உயர் ரத்த அழுத்தம் உள்ளிட்ட ஏழு நோய்களுக்கும் அடியில் மனப்போராட்டம் இருக்கிறது என்றது அது. அந்த நம்பிக்கையால் பிள்ளையின் நோய்க்குத் தாயைக் குற்றவாளியாக்கிய கொடுமை நடந்தது. உடம்பு நொந்த பிள்ளையை வைத்துக்கொண்டு, தானே அதற்குக் காரணம் என்று கேட்க நேர்ந்த அந்தப் பெண்களை நினைக்காமல் இந்தத் துறையின் வரலாற்றைப் பேசக்கூடாது.

அல்சர் கதை எல்லோரும் அறிந்தது. பெர்த் நகரின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல் இரைப்பையிலிருந்து ஒரு பாக்டீரியாவை வளர்த்தெடுத்தார்கள், 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கவலைதான் காரணம் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுச் சலித்தவர்களை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் குணமாக்கின. அதோடு விவகாரம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். முடியவில்லை. அந்தக் கிருமி உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வயிற்றில் இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதில்லை. 1995-இல் ஜப்பானின் கோபே பகுதியை நிலநடுக்கம் உலுக்கியபின் அங்கே ரத்தம் கசியும் இரைப்பைப் புண்கள் பெருகின. கிருமி நேற்றும் இருந்தது. இன்று ஏன் புண், இவருக்கு ஏன் புண் என்ற கேள்விதான் எங்கெலின் கேள்வி. மனமா உடலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவர்களை அவர் ஏற்கவே இல்லை.

1963-இல் ஃபிராங்க் மாரடைப்பால் இறந்தார். வயது 49. ஒரே முகமும் ஒரே மரபும் கொண்ட தமக்கும் அதுவே காத்திருக்கிறது என்று ஜார்ஜ் உறுதியாக நம்பினார். ஓராண்டு நிறையும் தறுவாயில் அவருக்கும் மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். எதிர்பார்த்தது வந்துவிட்டது என்ற நிம்மதிதான் அப்போது முதலில் தோன்றியதாக அவரே எழுதினார். பத்தாண்டுக் காலம் தம் கனவுகளையும் மறதிகளையும் நினைவு நாள்களில் உடம்பு படுத்திய பாட்டையும் குறித்துவைத்து 1975-இல் கட்டுரையாக வெளியிட்டார். தந்தையும் இதயநோயால் போனவர். அவர் இறந்த வயதைத் தாமும் கடக்கமாட்டோம் என்ற அச்சமும் அதில் இருக்கிறது. ஒரு மருத்துவப் பேராசிரியர் தம் துக்கத்தையே ஆய்வுப் பொருளாக மேசைமேல் வைப்பதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும்!

அந்த ஆண்டுகளில் அவர் செய்தித்தாள்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். அதிர்ச்சியாலோ துயராலோ சட்டென இறந்தவர்களைப் பற்றிய செய்திகள். ஆறு ஆண்டுகளில் 170 சேர்ந்தன. 1971-இல் பொது மருத்துவ இதழ் ஒன்றில் அவற்றை வகைபிரித்து வெளியிட்டார். அன்புக்குரியவர் இறந்த செய்தி கேட்டபோது, துக்க காலத்தில், நினைவு நாளில், மானம் போனபோது, உயிருக்கு ஆபத்து வந்தபோது, ஆபத்து நீங்கிய பிறகு, நெடுநாள் பிரிந்தவரைக் கண்ட மகிழ்ச்சியில் என்பன உட்பட எட்டு வகை. அப்படி ஓர் இறப்பு அதே ஆண்டிலும் நேர்ந்தது. 1971 ஆகஸ்டில் சிகாகோவில் ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் நினைவு இசை நிகழ்ச்சி நடந்தது. அவருடைய முன்னாள் மனைவி லில் ஹார்டின் பியானோ வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேடையில் சரிந்து இறந்தார்.

பத்திரிகைத் துணுக்குகள் சான்றாகுமா என்று கேட்டார்கள். கேட்டது நியாயம். இறக்காதவர்கள் செய்தியில் வருவதில்லையே. ஆனால் எண்களைக் கொண்டு கேட்டவர்களும் அதே பக்கம்தான் வந்து சேர்ந்தார்கள். லண்டனில் காலின் பார்க்ஸும் உடனிருந்தவர்களும் மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைத் தொடர்ந்தார்கள். முதல் ஆறு மாதத்தில் 213 பேர் இறந்தார்கள். அது அந்த வயதினரிடம் எதிர்பார்த்ததைவிட 40 சதவீதம் அதிகம். அந்த அறிக்கை 1969-இல் வந்தது. 1994 ஜனவரி 17 விடியற்காலையில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, நாளுக்குச் சராசரியாக 4.6 ஆக இருந்த திடீர் இதய இறப்பு அன்று மட்டும் 24 ஆனது. துயரத்திலோ அதிர்ச்சியிலோ இதயத்தின் இடக் கீழறை பலூன்போல் உப்பிச் செயலிழக்கும் ஒரு நோயை ஜப்பானிய மருத்துவர்கள் 1990 வாக்கில் விவரித்து டக்கோட்சுபோ என்று பெயரிட்டார்கள். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்காது, இ.சி.ஜி. மட்டும் மாரடைப்புப் போலவே இருக்கும். கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் இந்தியா உட்பட 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் வந்தது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை இவற்றோடு மன அழுத்தமும் சோர்வும் மாரடைப்புக்கான ஒன்பது காரணங்களில் ஒன்றாக அதில் இடம்பெற்றன.

எங்கெலின் கூடாரத்திலிருந்தே வந்த ஒரு கண்டுபிடிப்பையும் சொல்லவேண்டும். ராபர்ட் ஏடர் என்ற உளவியலாளர் ராச்செஸ்டரில் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்பு நீரும், கூடவே வயிற்றைக் குமட்டும் மருந்து ஒன்றும் கொடுத்தார். பிறகு இனிப்பு நீரை மட்டும் கொடுத்தபோது எலிகள் சாகத் தொடங்கின. அதிகம் குடித்தவை அதிகம் செத்தன. அந்தக் குமட்டல் மருந்து நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தும்கூட. உடம்பு இனிப்புச் சுவையை அந்த அடக்கத்தோடு பிணைத்துப் பழகிவிட்டதோ என்று ஐயுற்று, நோயெதிர்ப்பியலாளர் நிக்கலஸ் கோஹனுடன் சேர்ந்து அளந்தார். 1975-இல் முடிவு வெளியானது: சுவை மட்டுமே எதிர்ப்பணுக்களைக் குறைத்தது. நோயெதிர்ப்பு மூளையைக் கேட்காமல் தனியே இயங்குவது என்று அதுவரை பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன.

1977-இல் சயன்ஸ் இதழில் எங்கெல் எழுதிய கட்டுரைதான் அவரை உலகம் அறியச் செய்தது. உயிரணு, உள்ளம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மாதிரி மருத்துவத்துக்கு வேண்டும் என்றார். எல்லாவற்றையும் சேர்த்தால் எதைச் செய்வது என்றே தெரியாமல் போகும் என்று பிற்காலத்தில் சிலர் குறை சொன்னார்கள். அதற்கான விடை 1980-இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரையில் இருக்கிறது. என் பார்வையில் அவர் எழுதியதிலேயே சிறந்தது அதுதான்.

குளோவர் என்று அதில் பெயர் மாற்றிச் சொல்லப்படுபவருக்கு 55 வயது. வீடு, மனை விற்பனையில் வேலை. ஆறு மாதம் முன்பு ஒரு மாரடைப்பு வந்துபோயிருக்கிறது. ஒருநாள் காலை அலுவலகத்தில் நெஞ்சு அழுத்துகிறது. வாயுவாக இருக்கும் என்று சமாளிக்கிறார். வேலையை முடித்துவிடலாம் என்று காகிதங்களைப் புரட்டுகிறார். நேரம் போகிறது, இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. அவருடைய முதலாளியம்மா உள்ளே வந்து முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொள்கிறார். அவர் மிரட்டவில்லை. உங்கள் பொறுப்புணர்ச்சி எனக்குத் தெரியும், உடம்பைப் பார்த்துக்கொண்டால்தானே வேலையும் நடக்கும் என்ற போக்கில் பேசி மருத்துவமனைக்கு இணங்கவைக்கிறார். அவசரப் பிரிவில் எல்லாம் ஒழுங்காகத் தொடங்குகிறது. நோயாளி தெம்பாகவே இருக்கிறார். அப்புறம் பயிற்சி மருத்துவர்கள் தமனியில் ஊசி ஏற்றப் பார்க்கிறார்கள். கிடைக்கவில்லை. மறுபடியும் குத்துகிறார்கள், கிடைக்கவில்லை. அவரிடம் எதையும் சொல்லாமல் வேறொருவரை அழைத்துவரப் போகிறார்கள். தனியே கிடந்தவருக்கு வலி ஏறுகிறது, இவர்களுக்கு வேலை தெரியவில்லையோ என்ற அச்சம் ஏறுகிறது, நினைவு தப்புகிறது. இதயம் தறிகெட்டுத் துடிக்க, மின் அதிர்ச்சி கொடுத்து உயிரை மீட்கிறார்கள்.

கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருக்கும்? மாரடைப்பு, இதயத் துடிப்புச் சீர்கேடு, மின் அதிர்ச்சி, பிழைத்தார். உடனே மீட்டதற்குப் பாராட்டும் கிடைத்திருக்கும். எங்கெல் அந்தப் பாராட்டை மறுத்தார். அவர் குளோவரிடம் பிறகு உட்கார்ந்து கேட்டதால்தான் ஊசி குத்திய அந்த நிமிடங்கள் வெளியே வந்தன. அச்சத்தில் பெருகும் அட்ரினலின் காயப்பட்ட இதயத்தின் துடிப்பைக் குலைக்க வல்லது, இது உடலியல். முதலாளியம்மாவின் நாலு வார்த்தை அபாயத்தைக் குறைத்தது, மருத்துவர்களின் மௌனம் அதைக் கூட்டியது. இரண்டும் சிகிச்சையின் பகுதிதான், ஆகவே இரண்டையும் ஆராய வேண்டும் என்றார். இதில் குழப்பம் எங்கே இருக்கிறது? அவசரப் பிரிவில் நிற்கும் எந்த மருத்துவரும் நாளைக் காலையே செய்யக்கூடியது இது.

அவரிடம் பயின்ற டக்ளஸ் டிராஸ்மன் குடல்நோய் மருத்துவரானார். எண்டோஸ்கோப்பியில் எதுவும் தெரியாமல், ஆனால் வயிற்றுவலியாலும் வயிற்றுப்போக்காலும் ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறவர்களின் நோயை வரையறுக்க ரோம் அறக்கட்டளையை உருவாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். இன்று உலகெங்கும் குடல்நோய் மருத்துவர்கள் ஐ.பி.எஸ். (எரிச்சலுறு குடல் நோய்) என்று முடிவுகட்டுவது அந்த வரையறையைக் கொண்டுதான். ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம்மிடையேயும் இருப்பார்கள். குடல் நரம்புகளும் மூளையும் பேசிக்கொள்ளும் வழியில் ஏற்படும் கோளாறு அது. வலி மெய்யானது.

எங்கெல் 1999 நவம்பர் 26 அன்று ராச்செஸ்டரில் இறந்தார். வில்லியம் மார்கனுடன் சேர்ந்து 1969-இல் அவர் எழுதிய நூல், நோயாளியிடம் எப்படி உட்காருவது, முதல் கேள்வியை எப்படித் திறந்து வைப்பது, எப்போது குறுக்கிடாமல் இருப்பது என்று மருத்துவ மாணவர்களுக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிறது. வகுப்பறையில் அவர் அதை நடத்தியதைவிட வார்டில் நடத்தியதே அதிகம். மாணவர்கள் முன்னிலையில் முன்பின் தெரியாத நோயாளி ஒருவரிடம் பேசுவார். பிறகு அந்தப் பேச்சிலிருந்து உடல்நோயின் போக்கை எடுத்துக்காட்டுவார்.

நம் நாட்டில் 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நடத்தை, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கான பயிற்சி கட்டாயமாகியிருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அதை ஒழுக்கப் பாடமாக, கனிவாகப் பேசு என்ற அறிவுரையாக விரிவுரைக் கூடத்தில் நடத்தி முடித்துவிடும் ஆபத்து இருக்கிறது. அதைப் பொது மருத்துவ வார்டில், கட்டிலருகே, ரத்த அழுத்தமும் நாடியும் பார்க்கக் கற்றுக்கொடுக்கிற அதே பேராசிரியர்கள், அதே ரவுண்ட்ஸ் நேரத்தில் நடத்த வேண்டும். மாணவர் கேட்டுவந்த கதையையும் கேஸ் ஷீட்டில் எழுதச்சொல்லி, சோடியம் பொட்டாசியம் அளவைப் பற்றிக் கேள்வி கேட்பதுபோலவே அதைப் பற்றியும் கேள்வி கேட்க வேண்டும். தேர்விலும் அதற்கு மதிப்பெண் வேண்டும்.